5-3-94, சனி, வேடந்தாங்கல்: பழைய நோட்டுப் பக்கம் ஒன்று கணினிக்குள் போன விதம்

பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:

"5-3-94, சனி. வேடந்தாங்கல். காலை 6.30 – 9. 2 பேர். கரையில் நடை. நத்தைகுத்தி நாரை 300+, ஒயிட் ஐபிஸ் 100-150, கரண்டிவாயன் 40, நீர்க்காகம் நிறைய, பாம்புத்தாரா 10-12, வக்கா 60, உண்ணிக்கொக்கு 80, கூழைக்கடா 8, ஊசிவால் வாத்து 25, ஹவுஸ் ஸ்விஃப்ட் 20, கோல்டன் ஓரியோல் 1, கரிச்சான் – டைக்ரூரஸ் அட்சிமிலிஸ் 3, பச்சைப் பஞ்சுருட்டான் 6. வரும் வழியில் மதுராந்தகம் ஏரி, புள்ளிமூக்கு வாத்து 10."

இது மாதிரிக்காகக் கட்டிய பக்கம். ஆனால் இதில் உள்ள குறை ஒவ்வொன்றும் பழைய பறவை நோட்டுகளில் சாதாரணமாகக் கிடப்பதுதான். இந்தப் பக்கம் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: முதலில் ஒரு எக்செல் மூலக் கோப்பு, அதிலிருந்து உலகெங்கும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளம், கடைசியாக வீட்டுக் கணினியில் இருக்கும் ஒரு பறவைப் பதிவு மென்பொருள்.

2000-க்கு முந்தைய பக்கம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020, 2023 அறிக்கைகள் இரண்டும் நீண்டகாலப் போக்கைக் கணிக்க 2000-க்கு முந்தைய பட்டியல்களையே அடித்தளமாக வைத்தன. அந்தக் காலத்துப் பட்டியல்கள் குறைவு. குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு தப்பான பட்டியலின் கனமும் அதிகம்.

மென்பொருள் "பிழை" என்று சிவப்பாகக் காட்டுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதை எப்படியும் திருத்திவிடுவோம். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் பிழைகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தில் அப்படிப்பட்டவை ஏழெட்டு இருக்கின்றன.

தேதி

5-3-94 என்பது இங்கே மார்ச் 5. இ-பேர்ட் இறக்குமதிக் கோப்பு (பதிவுகளைத் தளத்தில் மொத்தமாக ஏற்றும் கோப்பு) கேட்பது அமெரிக்க வரிசை: மாதம், நாள், நாலிலக்க ஆண்டு. ஆகவே 03/05/1994 என்று போக வேண்டும். 05/03/1994 என்று போனால் தளம் அதை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் மே 3 என்பதும் ஒரு தேதிதான். மார்ச் 25 ஆக இருந்திருந்தால் 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் கோப்பு நின்றிருக்கும். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள்தான் மாட்டும் நாட்கள்.

இந்தப் பக்கத்தில் காட்டிக்கொடுக்க இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று ஊசிவால் வாத்து. குளிர்காலத்தில் வந்து போகும் வாத்து அது. மே மாதத்தில் 25 என்று போனால் தளத்தின் வடிகட்டியில், அதாவது அந்த இடத்துக்கும் காலத்துக்கும் வழக்கமில்லாத பதிவைத் தனியே பிடித்துவைக்கும் சோதனையில், சிக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வாத்து இல்லாத பக்கங்களில் நாரையும் வக்காவும் மே மாதத்திலும் இருக்கக்கூடியவை, எதுவும் சிக்காது. இரண்டாவது சாட்சி "சனி" என்ற ஒற்றைச் சொல். 1994 மார்ச் 5 சனிக்கிழமை; அந்த ஆண்டு மே 3 செவ்வாய்க்கிழமை. நோட்டில் கிழமை இருந்தால் எக்செல்லில் அதற்கென்று ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்துத் தட்டுங்கள். எக்செல் கணக்கிட்டுத் தரும் கிழமையை அதன் பக்கத்துப் பத்தியில் வைத்தால், பொருந்தாத வரிகள் கண்ணில் அடிக்கும். இதைவிட மலிவான சோதனை வேறு கிடையாது.

மூலக் கோப்பில் தேதியைத் தேதியாக வைக்கவே வேண்டாம். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று பத்தி, மூன்றிலும் வெறும் எண். இறக்குமதிக் கோப்பு தயாரிக்கும்போது மட்டும் டெக்ஸ்ட் ஃபங்ஷனால் மூன்றையும் ஒட்டிக்கொள்ளலாம்.

அதன்பின் ஒரு பொறி இருக்கிறது. தயாரான சி.எஸ்.வி கோப்பை (காற்புள்ளியால் பத்திகளைப் பிரிக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) "ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்து சேமித்தால் எல்லாம் போச்சு. இந்திய அமைப்பு உள்ள கணினி 03/05/1994-ஐ மே 3 என்று படித்து, தன் விருப்பப்படி எழுதிவைக்கும். 03/25/1994-ஐ எழுத்தாக அப்படியே விட்டுவிடும். ஒரே கோப்பில் பாதி ஒரு வரிசை, பாதி இன்னொரு வரிசை. சி.எஸ்.வி-யைப் பார்க்க நோட்பேட் போதும். அட்டவணையாகத்தான் பார்க்க வேண்டும் என்றால் லிப்ரே ஆஃபீஸ் நல்லது. திறக்கும்போதே ஒவ்வொரு பத்தியையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளச் சொல்ல அதில் வழி உண்டு.

எண்ணிக்கை

பாம்புத்தாரா 10-12. இதைச் சும்மா ஒரு கட்டத்தில் தட்டிப் பாருங்கள். எக்செல் அதை டிசம்பர் 10 ஆக்கிவிடும். பதறிப்போய் கட்டத்தின் வகையை எண்ணாக மாற்றினால், 2024-ல் தட்டியிருந்தால் 45636 என்று நிற்கும். நாற்பத்தைந்தாயிரம் பாம்புத்தாரா! இது வடிகட்டியில் சிக்கும் என்பது உண்மை. ஆனால் 10-12 என்று எழுதியிருந்தது அந்தக் கட்டத்திலிருந்து போய்விட்டது, நோட்டை மறுபடி எடுக்க வேண்டும். தட்டத் தொடங்கும் முன்பே எண்ணிக்கைப் பத்தி முழுவதையும் எழுத்து வகைக்கு மாற்றிவிடுவதுதான் வழி.

மூலக் கோப்பில் இரண்டு பத்தி வேண்டும். ஒன்றில் நோட்டில் எழுதியபடி: 300+, 100-150, நிறைய, 10-12. மற்றதில் தளம் ஏற்கும் வடிவம். இ-பேர்ட் முழு எண்ணையோ எக்ஸ் என்ற எழுத்தையோதான் ஏற்கும். எக்ஸ் என்றால் "இருந்தது, எண்ணவில்லை". இங்கே 300+ என்பது 300 ஆகும், 100-150 என்பது 125, 10-12 என்பது 11, "நிறைய" என்பது எக்ஸ். மூன்று எண்களுக்கும் குறிப்புப் பத்தியில் மூலத்தை அப்படியே எழுத வேண்டும். "நிறைய" என்பதற்கு 200 என்று போடும் கை சிலருக்கு உண்டு. அது எண்ணிக்கை இல்லை, கற்பனை.

பெயர்கள்

தளத்துக்குப் புரியாத பெயர் நல்ல பெயர். "ஒயிட் ஐபிஸ்" என்று ஏற்றினால் திருத்தும் திரை வந்து எது என்று கேட்கும். பிளாக்-ஹெடட் ஐபிஸ் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. சிக்கல் தருபவை தளத்துக்கு நன்றாகப் புரியும், ஆனால் வேறு பறவையைக் குறிக்கும் பெயர்கள்.

ஹவுஸ் ஸ்விஃப்ட் என்று பழைய இந்தியப் புத்தகங்கள் சொன்னது ஏப்பஸ் அஃபினிஸ் என்ற நாட்டு உழவாரனை. இன்றைய பட்டியலில் அதன் பெயர் லிட்டில் ஸ்விஃப்ட். ஹவுஸ் ஸ்விஃப்ட் என்ற பெயரை இப்போது ஏப்பஸ் நிபாலென்சிஸ் வைத்திருக்கிறது. அது இமயமலை, வடகிழக்குப் பக்கத்துப் பறவை. நோட்டில் உள்ளபடி தட்டினால் எழுத்துக்கு எழுத்து பொருந்தும், திருத்தும் திரையே வராது. வேடந்தாங்கலுக்கு மேலே 20 இமயமலை உழவாரன்கள் பறக்கும்.

கோல்டன் ஓரியோல் அடுத்தது. நம் ஊர் மாங்குயில் இப்போது இந்தியன் கோல்டன் ஓரியோல், ஓரியோலஸ் குண்டூ. முன்பு அது யூரேசிய மாங்குயிலின் உட்பிரிவாக இருந்தது. திருத்தும் திரையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது அவசரத்தில் யூரேசியனைச் சொடுக்குவது அடிக்கடி நடக்கிறது.

அறிவியல் பெயர் தந்துவிட்டால் குழப்பமே இல்லை என்று நினைப்பவர்களுக்குக் கரிச்சான் பதில் சொல்லும். டைக்ரூரஸ் அட்சிமிலிஸ் என்று பழைய நூல்களில் இருந்தது நம் இரட்டைவால் குருவிதான். பிறகு நம்முடையது டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ் என்று பிரிந்தது. அட்சிமிலிஸ் என்ற பெயர் ஆப்பிரிக்கக் கரிச்சானுக்கே போய்விட்டது. பேரினம், சிற்றினம் பத்திகளை நிரப்பி ஏற்றினால் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆப்பிரிக்கப் பறவை மூன்று.

உண்ணிக்கொக்கும் பச்சைப் பஞ்சுருட்டானும் பின்னாளில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களாக உடைந்தவை. நமக்குக் கிடைப்பவை ஈஸ்டர்ன் கேட்டில் எக்ரெட், ஏசியன் கிரீன் பீ-ஈட்டர். இவற்றில் ஆபத்து இல்லை, ஏனென்றால் இந்தப் பகுதியில் மற்ற பிரிவுகள் கிடையாது.

தமிழ்ப் பெயரில் வேறு வகைச் சிக்கல். "நீர்க்காகம்" என்றால் எது? இங்கே மூன்று உண்டு: சின்னது, இந்திய வகை, பெரியது. பக்கம் சொல்லவில்லை. வேடந்தாங்கலில் சின்னதுதான் அதிகம் இருக்கும் என்று நினைத்து அதைப் போடுவது தவறு. தளத்தில் "நீர்க்காகம், இனம் தெரியவில்லை" என்ற பதிவு இருக்கிறது; பெயருக்குப் பின்னால் எஸ்.பி. என்று வரும். அதுதான் சரி. "கொக்கு", "நாரை", "உள்ளான்" என்று மட்டும் எழுதிய பக்கங்களுக்கும் இதே விதி.

ஆக, மூலக் கோப்பில் "நோட்டில் உள்ள பெயர்" என்ற பத்தி ஒன்று வேண்டும், அதை யாரும் எப்போதும் தொடக் கூடாது. இன்றைய பெயர் பக்கத்துப் பத்தியில். இறக்குமதியின்போது பொதுப்பெயரை மட்டும் தந்து, பேரினம், சிற்றினம் பத்திகளைக் காலியாக விடுவது எங்கள் பழக்கம்.

இடைக்குறிப்பு ஒன்று. 1990-களின் கடைசியிலும் அதற்குப் பின்னும் கணினியில் தட்டிவைத்த பட்டியல்கள் பல பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "நாரை" என்பது இ, எச், ஐ, யூ என்று நான்கு ஆங்கில எழுத்தாகத் தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று எறிந்துவிடாதீர்கள். யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒட்டினால் திரும்பக் கிடைக்கும். மாறாக, யூனிகோடு தமிழ் உள்ள கோப்பைச் சாதாரண சி.எஸ்.வி-யாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அதை எந்த மாற்றியும் மீட்காது. சேமிக்கும்போது சி.எஸ்.வி யூ.டி.எஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இடம்

வேடந்தாங்கல் 12 பாகை 32 கலை வடக்கு, 79 பாகை 51 கலை கிழக்கு. தளம் கேட்பது தசமம். 32-ஐ 60-ஆல் வகுத்தால் 0.533, ஆக 12.533. அப்படிச் செய்யாமல் 12.32 என்று தட்டினால் இடம் தெற்கே சுமார் 24 கிலோமீட்டர் தள்ளிப்போகும். 79.85-க்குப் பதில் 79.51 என்றால் மேற்கே 37 கிலோமீட்டர். இரண்டும் தமிழ்நாட்டுக்குள்ளேதான் விழும், ஆகவே யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்றிய பின் வரைபடத்தில் புள்ளியைப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் வேடந்தாங்கல் பொது இடத்தோடு அதை இணைப்பது நல்லது. மாவட்டப் பெயரை நம்பி எதையும் அடுக்க வேண்டாம். இந்த ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, 2019 பிரிவினைக்குப் பின் செங்கல்பட்டுக்கு வந்தது. ஏரி நகரவில்லை.

மதுராந்தகம் தனி இடம், தனிப் பட்டியல். வேடந்தாங்கல் பட்டியலில் அந்தப் பத்து வாத்துகளைச் சேர்க்கக் கூடாது. நேரமும் தெரியாது, வழியில் கண்டது, ஒரே இனம். இன்சிடென்டல் (தற்செயலாகக் கண்டது) என்ற வகை போதும்.

உழைப்பு

பழைய பட்டியல்கள் பயனில்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். பெயரைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர், கண்டதெல்லாம் எழுதினார்களா என்பவை போனால் போனவைதான்.

6.30 முதல் 9 வரை: 150 நிமிடம். 2 பேர். தூரம் இல்லை. 30 மீட்டருக்கு மேல் நடந்திருந்தால் டிராவலிங் (நகர்ந்தபடி பார்த்தது) என்ற வகை, ஆனால் அதற்குத் தூரம் கட்டாயம். எழுதியவர் இருந்தால், கரையில் எதுவரை போவது வழக்கம் என்று கேட்டு, வரைபடத்தில் அளக்கலாம். போன வழியே திரும்பியிருந்தால் ஒருவழித் தூரம் மட்டும். கேட்க ஆள் இல்லை என்றால் ஹிஸ்டாரிக்கல் (பழைய பதிவு) என்ற வகை. அதில் தூரம் இல்லாமலும் ஏற்கும், தெரிந்த நேரத்தையும் நிமிடத்தையும் எழுதிக்கொள்ளலாம். நாம் இந்தப் பக்கத்துக்கு எடுத்த முடிவு அதுதான்.

தூரம் கிடைத்த பக்கங்களில் இன்னொரு கண்ணி. இறக்குமதிக் கோப்பு மைலில் கேட்கிறது. 1 கிலோமீட்டர் நடையை 1 என்று தட்டினால் 1.6 கிலோமீட்டர் ஆகிவிடும், 0.62 என்று தட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நம் தரவைத் தளத்திலிருந்து திரும்ப இறக்கும்போது தூரம் கிலோமீட்டரில் வரும், தேதி ஆண்டு-மாதம்-நாள் என்று வரும். இறக்கியதை அப்படியே மறுபடி ஏற்றப் பார்ப்பவர்கள் இரண்டிலும் அடிபடுவார்கள்.

அடுத்தது "கண்டதெல்லாம் எழுதினீர்களா" என்ற கேள்வி. ஆம் என்றால் ஒய் என்ற எழுத்து, இல்லை என்றால் என் என்ற எழுத்து. பக்கத்தை மறுபடி பாருங்கள். இரண்டரை மணி நேரம், ஏரிக்கரை, ஊர் ஓரம். காக்கை இல்லை, மைனா இல்லை. இருந்திருக்காதா என்ன? எழுதத் தகுந்தது என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஒய் போட்டால், "1994-ல் வேடந்தாங்கலில் 150 நிமிடம் தேடியும் காக்கை இல்லை" என்று தளம் பதிந்துகொள்ளும். போக்குக் கணிப்பு நடப்பது முழுமையான பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஓர் இனம் வந்தது என்பதை வைத்து. பழைய பட்டியல்களில் காக்கையை இப்படித் தொலைத்தால், இன்று காக்கை பெருகிவிட்டது போலத் தோன்றும். ஆகவே இங்கே என் என்ற எழுத்துதான். அதே நோட்டின் வேறு பக்கங்களில் காக்கையும் மைனாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அந்தப் பக்கங்களுக்கு ஒய் தரலாம். நோட்டு முழுவதற்கும் ஒரே எழுத்தை இழுத்து நிரப்புவது சோம்பேறித்தனம்.

கோப்பும் ஏற்றமும்

இறக்குமதிக் கோப்பில் 19 பத்திகள், இந்த வரிசையில்: பொதுப்பெயர், பேரினம், சிற்றினம், எண்ணிக்கை, இனக் குறிப்பு, இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, தொடங்கிய நேரம், மாநிலக் குறி, நாட்டுக் குறி, வகை, ஆட்கள், நிமிடம், முழுமையா, தூரம் மைலில், பரப்பு ஏக்கரில், பட்டியல் குறிப்பு. மாநிலத்துக்கு டி.என், நாட்டுக்கு ஐ.என். தலைப்பு வரி கூடாது. காலியான பத்தியையும் நீக்கக் கூடாது. நீக்கினால் அதற்கு வலப்பக்கம் உள்ளதெல்லாம் ஒரு இடம் நகர்ந்துவிடும். டிராவலிங் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எல் போட்டு எழுத வேண்டும்.

ஓர் இனத்துக்கு ஒரு வரி. வருகை விவரங்கள் 13 வரியிலும் திரும்ப வரும். இடம், தேதி, தொடங்கிய நேரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் வரிகள் ஒரு பட்டியலாகச் சேரும். இங்கே எக்செல் ஒரு வேலை செய்யும். 06:30 என்ற கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 07:30, 08:30 என்று மணி ஏறிக்கொண்டே போகும். தேதியை இழுத்தால் நாள் ஏறும். 13 இனம் உள்ள ஒரு காலை, ஒவ்வொரு பறவை உள்ள 13 பட்டியலாகச் சிதறும். இழுக்காமல், கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் டி அழுத்தினால் மேலே உள்ளது அப்படியே நகலாகும். இன்னும் நல்ல வழி, மூலக் கோப்பை இரண்டு தாளாக வைப்பது: ஒன்றில் வருகைகள், மற்றதில் பறவைகள், இரண்டையும் கட்டும் வருகை எண் ஒன்று. வருகை விவரத்தை ஒரே தடவை தட்டினால் போதும். இறக்குமதித் தாள் லுக்கப் (வருகை எண்ணைத் தேடி விவரத்தை எடுத்துவரும் எக்செல் வாய்ப்பாடு) மூலம் தானாக நிரம்பும்.

கோப்பின் அளவு 1 எம்.பி-க்குள் இருக்க வேண்டும். ஒரு வரிக்குச் சுமார் 150 எழுத்து என்றால் ஆறாயிரத்துச் சொச்சம் வரி பிடிக்கும். தமிழில் குறிப்பு எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட் என்பதால் அது சீக்கிரம் நிறையும். குறிப்புக்குள் இரட்டை மேற்கோளும் வரி முறிப்பும் வேண்டாம். எப்படியிருந்தாலும் முதல் ஏற்றத்தில் ஐந்து வருகைக்கு மேல் வைக்காதீர்கள். அவற்றைத் தளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, நோட்டோடு ஒப்பிட்டு, சரியென்றான பிறகு மிச்சத்தை ஆண்டு வாரியாக ஏற்றலாம். கூடப் போன இரண்டாமவரும் தன் நோட்டில் அதே நாளை வைத்திருந்தால் அவர் தனியாக ஏற்றக் கூடாது. ஒருவர் ஏற்றி மற்றவருக்குப் பகிர வேண்டும்.

வடிகட்டியில் சிக்கிய பதிவுக்கு மதிப்பாய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வரலாம். நோட்டில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். 30 ஆண்டு கழித்து, இன்றைய புத்தகத்தைப் பார்த்து அடையாளங்களை எழுதிச் சேர்ப்பது பதிவைக் கெடுக்கும். உறுதியாகாத பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவில் வராது, அவ்வளவுதான்.

வீட்டுப் பிரதி

தளத்தில் ஏற்றியதோடு விடாமல் ஒரு பிரதியைச் சொந்தக் கணினியில் வைத்திருக்க சைத்பில் என்ற இலவச மென்பொருள் பொருந்தும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இ-பேர்ட் பின்பற்றும் கிளெமென்ட்ஸ் வகைப்பாடு, ஐ.ஓ.சி வகைப்பாடு இரண்டிலும் அதே பதிவுகளைக் காட்டும். தளத்திலிருந்து இறக்கிய தரவை அது நேரடியாக வாங்கிக்கொள்ளும்.

இங்கே முக்கிய வேறுபாடு ஒன்று. ஆண்டுதோறும் வகைப்பாடு மாறும்போது இ-பேர்ட் தன்னிடம் உள்ள பழைய பதிவுகளை இடத்தைப் பார்த்துத் தானே மாற்றும். உண்ணிக்கொக்கு உடைந்தபோது இந்தியப் பதிவுகள் தானாகக் கிழக்கத்தியது ஆகிவிட்டன. கணினி மென்பொருளில் புதிய பதிப்பைப் போடும்போது அது தீர்க்க முடியாதவற்றை உங்களிடம் கேட்கும். நீங்கள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எக்செல் எதையும் மாற்றாது, கேட்கவும் கேட்காது. வடிகட்டியும் வீட்டுக் கணினியில் இல்லை: ஹவுஸ் ஸ்விஃப்ட் அங்கே தப்பாக நுழைந்தால் வாழ்நாள் பட்டியலில் ஒன்று கூடிவிட்ட மகிழ்ச்சியில் அப்படியே கிடக்கும். ஆகவே நோட்டிலிருந்து நேராக மென்பொருளுக்குத் தட்டாமல், மூலக் கோப்பு, தளம், அங்கிருந்து இறக்கி மென்பொருள் என்ற வரிசையில் போவது மேல். ஒவ்வொரு வகைப்பாட்டு மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒருமுறை இறக்கி, தேதி போட்ட பெயரில் வைத்தால் எந்த இனம் எப்போது பெயர் மாறியது என்பது கையில் இருக்கும்.

அந்தப் பக்கம் கடைசியில் நின்ற நிலை இது. வேடந்தாங்கல், மார்ச் 5, 1994, 06:30, ஹிஸ்டாரிக்கல், 150 நிமிடம், 2 பேர், முழுமை இல்லை, 13 வரி. மதுராந்தகம், அதே நாள், இன்சிடென்டல், ஒரு வரி. உழவாரன் 20 லிட்டில் ஸ்விஃப்டாகவும், மாங்குயில் இந்தியனாகவும், கரிச்சான் மேக்ரோசெர்கஸாகவும் மாறியிருக்கின்றன. நீர்க்காகம் மட்டும் இனம் தெரியாமல், எண்ணிக்கை இல்லாமல், எக்ஸ் என்றே இருக்கிறது. இன்று எழுதியவரே வந்து "சின்னதுதான்" என்று சொன்னாலும் அந்த வரியை மாற்ற வேண்டாம். அவர் சொன்னதைத் தேதியோடு குறிப்புப் பத்தியில் எழுதி வையுங்கள்.